அரைப் பேர்

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ஒரு நாள் வேலைக்குப் பெயர் "பேர்". விடியக்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய் நின்று, மலையேறி, அன்றைக்குச் சொன்ன கிலோவை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். நிறுவையில் குறைந்தால் அரைப் பேர். இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்தார். "முழு ஆளாத்தானே மலைக்குப் போனேன், கணக்கப்புள்ள எப்புடி அரை ஆளா எழுதுறாரு?" என்று சம்பளத் துண்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார். சாகும்வரை அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் கிடைத்தது. கொழும்பில், குளிரூட்டிய அறையொன்றில், தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் உழைக்கிற தொண்டு அமைப்பொன்றின் பணிப்பாளர் சபைக் கதிரையில் வைத்துத்தான் அது கிடைத்தது.

அமைப்பின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னாலும் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. பெயரில் "சமூக" இருக்கிறது, "ஆரோக்கிய" இருக்கிறது, "மேம்பாட்டு" இருக்கிறது. யாருக்காக அமைப்போ அவர்கள் மட்டும் இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு சீனி வருத்தத்துக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் உண்டு. ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்குமான இடம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் வீட்டுக்காரர் மறுநாளே சாவியைக் கேட்பார். ஆக, அமைப்புக்கே அரைப் பேர்தான்.

என்னைச் சபைக்கு அழைத்தவர் நல்லவர். இந்தக் கட்டுரை முழுக்க நல்லவர்கள்தான் வருவார்கள், பயப்பட வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைப் படிவத்தில் புதிதாகச் சில கேள்விகள் முளைத்திருந்தன: சபையில் கிராமப்புறத்தவர் உண்டா? சிறுபான்மையினர் உண்டா? தோட்டத்தவர் உண்டா? மூன்று கட்டத்துக்கும் மூன்று ஆள் பிடித்தால் மூன்று பஸ் செலவு. நான் ஒருவனே மூன்றிலும் சரி போட உதவுவேன். ஒரே கல்லில் மூன்று மாங்காய். போதாததற்கு, நான் ஆணை விரும்பும் ஆண் என்ற தகுதியும் இருந்தது. அது நாலாவது மாங்காய்.

சபையில் மொத்தம் ஒன்பது பேர். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் எங்களைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் எண்ணும் அதுதான் என்பதால், முதல் நாளே எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கைக்கு அவர்கள் சொல்லும் ஆங்கிலப் பெயர் என் காதில் "கோரம்" என்று விழுந்தது. "தம்பி, நீங்க கட்டாயம் வரணும், கோரத்துக்கு ஆள் இல்லை" என்று அழைப்பார்கள். இரண்டு வருடம் அந்தக் கோரத்துக்குத்தான் போய் வந்தேன்.

பெயரை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சட்டம். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. அதன் 365ஆம் பிரிவு "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு அநாகரிகச் செயலுக்கு இரண்டு வருடம் வரை என்கிறது. அநாகரிகம் என்றால் என்னவென்று சட்டம் விளக்கவில்லை. அன்றைக்கு முறையிலிருக்கும் பொலிஸ்காரர் விளக்குவார்.

எங்கள் பக்கத்தில் வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் வாசலில் குதிக்கும். பறவைக்கும் மிருகத்துக்கும் கல்யாணம் முடித்துவைத்த சனம் இது. அதில் இயற்கையின் ஒழுங்கு கெட்டதென்று ஒரு கிழவியும் சொன்னதில்லை, ஒரு ஐயரும் பரிகாரம் கேட்டதில்லை. அந்தக் கல்யாணத்துக்கு வானம் கட்டுகிற தோரணத்தைத் துணியில் தைத்து நாங்கள் பிடித்தால் மட்டும் ஒழுங்கு இடிந்து விழுகிறது. விழட்டும், குருவிட்டவிலேயே சிறைச்சாலை இருக்கிறது. எங்கள் பஸ் செலவை அரசாங்கம் எவ்வளவு கரிசனையோடு யோசித்திருக்கிறது பாருங்கள்.

1995இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 365அ பிரிவில் "ஆண்" என்றிருந்த இடத்தில் "ஆள்" என்று போட்டார்கள். அதுவரை குற்றவாளியாகும் உரிமை ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது, அன்றிலிருந்து பெண்களுக்கும் கிடைத்தது. சொத்தில், சம்பளத்தில், பாராளுமன்றக் கதிரையில் கிடைக்காத சமத்துவத்தை இந்த நாடு தன் பெண்களுக்குக் குற்றவாளிக் கூண்டில் கொடுத்தது. செயற்பாட்டாளர் ரொசானா பிளேமர் கால்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல், இலங்கை தன் கடமையை மீறியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டில் ஓர் இலைகூட அசையவில்லை.

சட்டத்தை எழுதித் தந்தவன் 1967இல் இங்கிலாந்தில் தன் வீட்டுச் சட்டத்தைத் திருத்திக்கொண்டான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6இல் இதே மாதிரியான 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. எங்களைப் போலவே கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் வாழும் மொரிசியசில் 2023 ஒக்டோபர் 4இல் நீதிமன்றம் அதைச் செய்தது. எங்கள் நீதிமன்றத்தால் அப்படிச் செய்ய முடியாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அதற்குப் பாதுகாப்புப் போட்டு வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் போனாலும் அவன் கடைசிக் கங்காணியை விட்டுத்தான் போயிருக்கிறான், அவனுக்கு ஓய்வூதிய வயது கிடையாது.

பாராளுமன்றம் நீக்கலாமே என்பீர்கள். நீக்கலாம். பிரேம்நாத் சி. தொலவத்த என்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல, சாதாரண பெரும்பான்மையே போதும் என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 225 பேர் இருக்கும் சபையில் கையை மேலே தூக்குவதுதான் மீதி வேலை. பதினாறு மாதம் ஒருவர் கையும் எழும்பவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, மசோதாவும் அதோடு செத்தது. எங்கள் தோட்டத்தில் பதினாறு மாதம் கையைத் தூக்காமல் நின்றவனுக்குக் கால் பேர்கூட விழாது.

கை தூக்காத எங்கள் அரசியல்வாதிகளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தான் பதவி நீக்கிய பிரதமரையும் அவருடைய நண்பர்களையும் பொதுக்கூட்ட மேடையில் "வண்ணத்துப்பூச்சிகள்" என்று கேலி செய்தார். அது எங்களைக் கேலி செய்யும் சொல் என்று புரிந்து கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வேறு காரணத்துக்காக வந்தது. குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகப் போனால் சிவனொளிபாத மலைக்குப் படியேறலாம். மார்கழியிலிருந்து வைகாசி வரை நாடே அந்த மலைக்குக் கைகூப்பிக்கொண்டு ஏறுகிறது. அந்த மலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்று பெயர். வண்ணத்துப்பூச்சி மலை! பருவகாலத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக அங்கே யாத்திரை போகின்றன என்பது ஊர் நம்பிக்கை. மலையில் இருந்தால் புனிதம், மனுசனில் இருந்தால் நக்கல். சிறிசேனவும் அந்த மலையைக் கும்பிடுகிறவர்தான்.

சரி, சட்டம் எதிரி என்பது பழைய கதை. எதிரியோடு மோதத்தானே சபை? வாருங்கள், சபைக்குள் போவோம்.

நான் விடியக்காலை ஐந்து மணிக்குக் குருவிட்ட சந்தியில் கொழும்பு பஸ் ஏறுவேன். எஹெலியகொட, அவிசாவளை என்று ஏ4 பாதையில் குலுங்கிக் கொண்டு போய், ஒன்பதரைக் கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிட ஓட்டோ தூரத்தில் இருப்பவர்கள் பத்தேகாலுக்கு வந்து, வாகன நெரிசல் என்று நெற்றியைத் துடைப்பார்கள். முந்திய கூட்டக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். "எல்லோருக்கும் சரிதானே?" என்பார் தலைவர். எல்லோருக்கும் சரி. எனக்கும் சரி என்று குறிப்பில் ஏறும்.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். நிகழ்ச்சிநிரலில் பதினொரு விடயம். இரண்டாவது, அமைப்பின் சின்னத்தில் வரும் வானவில்லுக்கு எத்தனை கோடு என்பது. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் எட்டு நிறத்தில் செய்த கொடி, பிறகு ஆறாகக் குறைந்தது, பிறகு வேறு சிலர் புதுக் கோடுகள் சேர்த்தார்கள். எங்கள் சபை அதில் ஒரு மணி இருபது நிமிடம் நின்றது. கறுப்புக் கோடும் மண்ணிறக் கோடும் சேர்த்தால்தான் ஒதுக்கப்பட்ட இனத்தவரை அணைத்துக்கொண்டதாகும் என்று ஒருவர் கண் கலங்கினார். அந்த அறையிலேயே ஆகக் கறுத்த, ஆக ஒதுக்கப்பட்ட இனத்தவன் கதவோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தான், அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கோட்டை விட்டுவிட்டு ஒரு குடை வாங்கித் தாருங்கள், எங்கள் ஊரில் மழை என்று சொல்லியிருப்பேன்.

ஏழாவது விடயம், தோட்டப் பகுதி. அது வந்தபோது மணி ஒன்று பத்து. சாப்பாடு ஒன்றேகாலுக்கு. தலைவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "எஸ்டேட் விசயம் ரொம்ப முக்கியம், தம்பி. அவசரத்தில பேசக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு வைப்பமா? நீங்க தூரத்திலிருந்து வந்திருக்கீங்க, முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். ஒரு தலைக்கு நாலாயிரம் ரூபாய்ச் சாப்பாடு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிவானது. அதற்கே எத்தனை வர்த்தமானி, எத்தனை வழக்கு! மூன்று நாள் கொழுந்தை நான் ஒரு மத்தியானத்தில் தின்று முடித்தேன், பின்னால் புட்டிங் வேறு. ஏழாவது விடயம் அடுத்த கூட்டத்திலும் ஏழாவதாகத்தான் வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, ஒருமுறை தோட்டத்துக்கென்றே தமிழில் சுவரொட்டி அடித்து அனுப்பினார்கள். ஜூன் உலகமெங்கும் எங்களுக்கான மாதம் அல்லவா? அதற்கு "பெருமை மாதம்" என்று தமிழ் கண்டுபிடித்திருந்தார்கள். "பெருமை மாதத்தைக் கொண்டாடுவோம்!" பக்கத்துக் காம்பராப் பெரியம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்: "பெரும மாசமா? யாருப்பா மாசமா இருக்கா?" ஜூன் என்றால் எங்களுக்குத் தென்மேல் பருவமழை. இரத்தினபுரி மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வரும், குரு கங்கை கரையேறும், லயத்துப் பின்சுவர் வியர்க்கும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடத் தயாராக நிற்போம். அந்தச் சுவரொட்டியின் பின்புறம் நல்ல கனமான தாள். பெரியம்மா வீட்டுக் கூரை ஒழுக்குக்கு அடியில் அது மூன்று மழை தாங்கியது. இரண்டு வருடத்தில் எங்கள் சபை தோட்டத்துக்குச் செய்த நேரடி நன்மை அது ஒன்றுதான்.

இனிச் சிரிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

போன வருட மழைக்காலத்தில் ஓர் இரவு, ஒன்பதரை மணி. குருவிட்ட பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒரு பையன் போன் எடுத்தான். பத்தொன்பது வயது, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கையில் ஒரு கடைப்பை, அதில் இரண்டு சட்டையும் போன் சார்ஜரும். நெற்றியில் வளைவாக ஒரு வெட்டு. பால் வாளியின் விளிம்பு பட்டால் அப்படித்தான் வளைந்து விழும், தேயிலையும் ரப்பரும் சேர்ந்த தோட்டத்தில் வளர்ந்த எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனில் வந்த ஒரு குறுஞ்செய்தியை அண்ணன் பார்த்துவிட்டான். "வீட்டுக்கு வராதன்னுட்டாங்க சார். அம்மா மட்டும் கொல்லைப் பக்கத்தால வந்து இந்தப் பையைக் குடுத்தாங்க" என்றான். அழவில்லை. காயத்தில் மழை படாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு எங்கள் அமைப்பின் அவசர உதவி நிதிக்குப் போன் எடுத்தேன். அவசரம் என்றால் அங்கே நாலு பக்கப் படிவம், ஆங்கிலத்தில். வாடகை அறைக்கு மூன்று விலைமனு வேண்டும். குருவிட்டவில் இப்படியொரு பையனுக்கு அறை தருகிறவர் ஒருவரைக் கண்டுபிடிப்பதே தெய்வச் செயல், மூவரை எங்கே தேடுவது? அதற்கு மேல், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி.

பொலிசுக்குப் போய் என்ன சொல்வது? 365அ பிரிவுப்படி அங்கே முதல் குற்றவாளி அவன்தான். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து கேட்பார்கள், அவனுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் எழுத வரும். 1977இலும் 1981இலும் இனக்கலவரத்தில் அடிபட்டு, எத்தனையோ குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடிப்போன மாவட்டம் இது. மிஞ்சியவர்கள் தலையைக் குனிந்து வாழப் பழகியவர்கள். பொலிஸ் வாசலைத் தாண்டி நடக்கவே இன்றும் எதிர்ப்பக்கம் போகிறவர்கள். முறைப்பாடு செய்தவர்களுக்கு இந்த நாட்டில் என்ன கிடைத்தது என்பது கொழும்புச் சபைக்குத் தெரியாததுமல்ல. பெண்ணை விரும்பும் பெண்களின் மாநாட்டில், வன்புணர்வுக் குற்றவாளிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று 1999இல் ஓர் ஆங்கில நாளேடு வாசகர் கடிதம் போட்டது. கம்பானியன்ஸ் ஒன் எ ஜர்னி என்ற அமைப்பு பத்திரிகைப் பேரவையில் முறையிட்டது. பேரவை 2000இல் முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்து, முறையிட்டவரையே பத்திரிகைக்குச் செலவுப் பணம் கட்டச் சொன்னது. இந்த வரலாற்றைப் பயிற்சிப் பட்டறையில் படம் போட்டுக் காட்டுகிற சபைதான், பத்தொன்பது வயதுப் பையனிடம் முறைப்பாட்டுப் பிரதி கேட்டது.

படிவம் அனுப்பினேன். சபை மின்னஞ்சலில் அங்கீகரிக்க வேண்டும். ஒன்பது பேரில் இருவர் பதில் போட்டார்கள், அதில் ஒருவன் நான். கோரம் இல்லை. நாற்பத்தொரு நாள் கழித்து, நிபந்தனையோடு அனுமதி வந்தது. அதற்குள் பையன் என் வீட்டில் இரண்டு வாரம் இருந்து, பக்கத்து வீட்டு வாய்களைப் பொறுக்க முடியாமல், கொழும்பில் ஏதோ ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை என்று போய்விட்டான். ஒரு மாதத்தில் அவன் போன் எண்ணும் செத்துவிட்டது.

வருட முடிவில் ஆண்டறிக்கை வந்தது. பளபளப்பான தாள், பதினெட்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. "தோட்டப் பகுதியில் நெருக்கடி உதவி பெற்ற பயனாளிகள்: 1." நான் அந்த ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில், லயத்தில், சட்டத்தில் எங்கும் பேர் விழாத பிள்ளைக்கு அங்கே மட்டும் முழுப் பேர் போட்டிருந்தார்கள். அந்தப் பேருக்கான சம்பளம் அவனுக்குப் போகவில்லை.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான். மலைக்குப் போகிறவன் முழு ஆளாகத்தான் போகிறான். நிறுக்கும் தராசு அடுத்தவன் கையில் இருக்கும்வரை அவனுக்கு விழுவது அரைப் பேர்தான், மீதி அரை தராசுக்காரன் கணக்கில் ஏறும்.

காசு இல்லை என்பார்கள். உண்மைதான், 2025 ஜனவரி 20இல் அமெரிக்க ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். உலகெங்கும் எங்களைப் போன்ற அமைப்புகளின் கதவுகள் அடைபட்டன. எங்கள் சபை அவசரமாகக் கூடியது. அன்றைக்கு ஒன்பது பேரும் வந்திருந்தார்கள், கோரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டியது எதை தெரியுமா? தோட்டப் பக்கம் போய்வந்த ஒரே களப்பணியாளரின் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் காசை. தலைமையகத்தின் வாடகையும் ஆலோசகரின் கட்டணமும் "தவிர்க்க முடியாத செலவு" என்று பிழைத்துக்கொண்டன. தேயிலை விலை விழுந்தால் கம்பனி முதலில் கை வைப்பது கொழுந்தெடுப்பவளின் பேரில், துரை பங்களாவின் புல்தரையில் அல்ல. எங்கள் சபைக்கு அந்த நிர்வாகத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அப்படியே வந்திருக்கிறது.

அதே 2025 செப்டெம்பரில் இன்னொரு கூத்து. எங்களைப் போன்ற வெளிநாட்டுப் பயணிகளை வரவேற்கும் திட்டத்துக்கு, ஈக்குவல் கிரவுண்ட் அமைப்புக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. கர்தினால் மல்கம் ரஞ்சித் எதிர்த்தார், அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள், பெரிய சத்தம். சத்தத்தில் ஒரு சின்ன விசயம் யாருக்கும் கேட்கவில்லை. குருவிட்டவில் போபத் எல்ல என்ற நீர்வீழ்ச்சி இருக்கிறது, அரச இலை வடிவில் விழும். நாளைக்கு இரண்டு வெள்ளைக்கார ஆண்கள் அங்கே கைகோத்துப் படம் எடுத்தால் அது அந்நியச் செலாவணி. அவர்களுக்குத் தம்பிலி வெட்டிக் கொடுக்கும் பையன் இன்னொரு பையனின் கையைப் பிடித்தால் அது தண்டனைச் சட்டக் கோவை. இயற்கையின் ஒழுங்குகூட டொலரில் மாறும் போலிருக்கிறது.

கொழும்பை மட்டும் திட்டிவிட்டுப் போனால் என் லயத்து மனுசர் எனக்கு மாலை போடுவார்கள். அந்த மாலை எனக்கு வேண்டாம். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து. ரதி வேடம் கட்டுவது ஓர் ஆண்பிள்ளை. விரதம் இருந்து, சேலை கட்டி, வளையல் போட்டு அவன் வாசலுக்கு வந்தால் பெரிய மீசைக்காரர்களும் விழுந்து கும்பிடுகிறார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்து, பிள்ளை வரம் கேட்கிறார்கள். மன்மதன் எரிந்து ரதி ஒப்பாரி வைக்கும் இரவில் தலைவர் முதல் காவல்காரர் வரை கண்ணைத் துடைக்கிறார்கள். பங்குனி பிறந்து நாலு நாள் போனதும், அதே பையன் நடக்கிற நடையைப் பார்த்து அதே மீசை "ஒம்போது" என்று விசிலடிக்கிறது. ரதியிடம் பிள்ளை வரம் கேட்டவர்கள், தங்கள் பிள்ளையே ரதியாகப் பிறந்தால் பால் வாளியைத் தூக்குகிறார்கள். தொழிற்சங்கத் தலைவர்மாரோ சந்தா பிடிக்கும்போது ஆண், பெண், ரதி என்று பேதம் பார்ப்பதே இல்லை. அந்தப் பையனை வீட்டைவிட்டுத் துரத்திய இரவில் எந்தத் தலைவரும் எட்டிப் பார்க்கவில்லை.

என் தாத்தா பெயர் பொன்னையா. பொன்னான பெயர். சிங்களத்தில் எங்களைத் திட்டும் வசைச்சொல்லும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். அவருடைய மரணச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது, பெயரை வாசித்த எழுதுவினைஞர் சிரித்து, பக்கத்து மேசைக்கும் வாசித்துக் காட்டினார். செத்துப் போன மனுசனின் பெயரில்கூட என்னைக் கண்டுபிடித்துவிட்டார்களோ என்று எனக்கு உடம்பு கூசியது. அதே கவுண்டரில் நாளைக்கு ஒரு திருநங்கை நிற்க வேண்டும். 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை ஏற்புச் சான்றிதழ் வாங்கிப் பிறப்புப் பதிவில் பெயரை மாற்றலாம் என்பது வழி. அந்த வழி தொடங்கும் மனநல மருத்துவரும் முடியும் சிங்கள விண்ணப்பமும் லயத்திலிருந்து எத்தனை பஸ் தூரம் என்று சுற்றறிக்கையில் இல்லை. கூடப் போகத்தான் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெட்ரோலைத்தான் சபை வெட்டியது.

இது எங்கள் சபையின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் பொஸ்டன் பிரைட் என்ற அமைப்பு ஐம்பது வருடம் ஊர்வலம் நடத்தியது. கறுப்பினத்தவரையும் திருநரையும் சபை ஒதுக்குகிறது என்று சொந்தத் தொண்டர்களே புறக்கணித்தார்கள். 2021 ஜூலையில் அந்தச் சபை கதிரையைப் பகிர்வதை விட்டு, அமைப்பையே கலைத்துவிட்டுப் போனது. வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2008 ஏப்ரலில் திருநங்கையர் நலவாரியம் அமைத்தபோது, இந்தியாவில் அதுதான் முதல். அதன் மேசையில் திருநங்கைகளும் உறுப்பினராக உட்கார்ந்தார்கள். அங்கேயும் குறை ஆயிரம் உண்டு. ஆனால் குறையை அந்த மேசையிலேயே வைத்துச் சத்தம் போட அவர்களுக்கு ஒரு கதிரை இருந்தது.

என் கடைசிக் கூட்டத்தில் ஏழாவது விடயத்தை முதலாவதாக எடுக்கச் சொல்லி எழுந்து நின்றேன். நாலு விசயம் கேட்டேன். ஒன்பது கதிரையில் மூன்று கொழும்புக்கு வெளியே, அதில் ஒன்றாவது ஒரு பெண்ணுக்கு. கூட்டக் குறிப்பு மூன்று மொழியிலும். அவசர நிதியில் இருபத்தையாயிரம் ரூபாய் களத்தில் நிற்பவர் கையில், கணக்கு பிறகு. வருடத்துக்கு ஒரு கூட்டம் குருவிட்டவில், சாப்பாடு சோற்றுப் பார்சல். தலைவர் முழுக்கக் கேட்டார். நல்லவர் என்று சொன்னேனே. "மிகவும் பெறுமதியான கருத்துகள். குறித்துக்கொண்டோம்" என்றார். குறிப்பு ஆங்கிலத்தில் வந்தது. அதில் என் பெயரை இரண்டு எழுத்துப் பிழையோடு எழுதி, "தோட்டப் பகுதி குறித்துக் கலந்துரையாடப்பட்டது" என்று ஒரே வரி.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. நாலு பேர்தான் வந்தார்களாம், கோரம் இல்லாமல் கலைந்ததாம். போன் வந்தது: "தம்பி, நீங்க இல்லாம நடத்த முடியல்ல." இரண்டு வருடத்தில் அவர்கள் சொன்ன முதல் உண்மை அது. நாலு விசயமும் நடந்த அன்றைக்கு வருகிறேன், அதுவரை செக்ரோலில் என் பேரை வெட்டிவிடுங்கள் என்றேன்.

வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று. இன்றைக்கும் 365, 365அ இரண்டும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. அடுத்த தேர்தலில் உங்கள் லயத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு வருகிறவரிடம், இதை நீக்கக் கை தூக்குவீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மழை இரவில் கடைப்பையோடு ஒரு பிள்ளை உங்கள் இஸ்தோப்பில் வந்து நின்றால், படிவம் கேட்காமல் உள்ளே கூப்பிட்டுத் தலையைத் துவட்ட ஒரு துணி கொடுங்கள்.